வன்னித் தரையை 6 அடிப் பலகையில் கொண்டுவருவது எப்படி? (எச்.ஓ. மாதிரி ரயில் லேஅவுட்)

கைகாட்டி கேட்டது:

வணக்கம். 12 மி.மீ. பிளைவுட்டில 6 அடிக்கு 2 அடி எச்.ஓ. (1:87 அளவு) மாதிரி ரயில் லேஅவுட் ஒண்டு போகுது. இடம் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடைப்பட்ட ஒரு துண்டு. காலம் 2014க்குப் பிறகு. இடது பக்கம் பாதுகாப்பற்ற ரயில் கடவை, நடுவில பாதைக்குக் கீழால தண்ணி போற மதகு, வலது பக்கம் சின்னக் குளம் ஒண்டு. ரயில் சுத்தி ஓடாது, போய்த் திரும்பி வரும். ஃபிளெக்ஸ் (வளைக்கக்கூடிய) தண்டவாளம் இரண்டு நீளம் பலகையில நேரா ஆணி அடிச்சு, ஓட்டியும் பார்த்தாச்சு. ஓட்டத்தில குறையில்லை.

ஆனா பார்த்தா வன்னி மாதிரித் தெரியேல்ல. வீடியோக்களில எல்லாம் மலையும் சுரங்கமும்தான் காட்டுறாங்கள். பின்பக்கம் ஒரு மேடு கட்டினா எடுப்பா இருக்குமா? மண்ணும் சல்லியும் இங்க கிடைக்கிறதை வச்சே செய்யலாமா? பனை எத்தனை வைக்கலாம்? குளத்துத் தண்ணிக்கு ரெசின் நல்லதா? கட்டடம் எண்டு பெரிசா ஒண்டுமில்லை: கடவைக்குப் பக்கத்தில ஒரு தேத்தண்ணிக் கடை, கச்சான் (நிலக்கடலை) கடை இரண்டு, ஒரு வீடு. அறைக்கு அஸ்பெஸ்ரஸ் கூரை, மத்தியானத்தில கொதிக்கும். கறையான், எறும்பு இரண்டும் இருக்கு.

சிலிப்பர்கட்டை:

மேடு வேண்டாம் தம்பி. முதலில் தண்டவாளத்தைக் கழற்றுங்கள்.

வன்னியில் உயரம் என்று கண்ணுக்குப் படுவது இரண்டுதான்: ரயில் போகிற மண்கட்டு, குளக்கட்டு. மற்றதெல்லாம் தட்டை. மாரியில் வெள்ளம் நிற்கிற தரை, அதனால்தான் பாதையை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் தண்டவாளத்தைப் பலகையிலேயே அடித்துவிட்டால் நிலமும் பாதையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பிறகு எத்தனை மரம் நட்டாலும் அது கடைக் கண்ணாடியில் வைத்த விளையாட்டு ரயில்தான்.

பலகை முழுவதும் 12 மி.மீ. ரெஜிபோம் (தெர்மோகோல்) தாள் ஒட்டுங்கள். குளம் வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள், பலகையே குளத்தின் அடியாகிவிடும். பாதை போகும் வழியில் அதன் மேல் 25 மி.மீ. ரெஜிபோம் பட்டி. 1:87இல் 25 மி.மீ. என்றால் நிஜத்தில் 2 மீற்றரை விடக் கொஞ்சம் கூட. மேல் அகலம் 75 மி.மீ., சரிவு ஒன்றுக்கு ஒன்றரை, அதாவது 25 மி.மீ. உயரத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 37 மி.மீ. வெளியே போகும். அடியில் ஏறக்குறைய 150 மி.மீ. வரும். 2 அடி அகலத்தில் கால்வாசியை மண்கட்டு எடுத்துக்கொள்கிறதே என்று சரிவைச் செங்குத்தாக்க வேண்டாம். செங்குத்தான மண்கட்டு பார்த்த உடனேயே கேக் துண்டு மாதிரித் தெரியும்.

பாதையைப் பலகை விளிம்புக்குச் சமாந்தரமாகவும் போடாதீர்கள். ஒரு முனையில் முன்விளிம்பிலிருந்து 20 செ.மீ., மறுமுனையில் 26 செ.மீ. இந்த 6 செ.மீ. சாய்வே 6 அடியைக் கூடுதல் நீளமாகக் காட்டும்.

ஒட்டுவதற்கு பைண்டர் கம் (வெள்ளைப் பசை) போதும், மெல்லிய பூச்சு. பலகைக்கும் ரெஜிபோமுக்கும் நடுவில் காற்றுப் போகாது, ஆகவே இரண்டு நாள் பாரம் வைத்து விடுங்கள். சப்பாத்துக்கு ஒட்டுகிற பசையும் ஸ்பிரே பெயின்றும் ரெஜிபோமைக் கரைக்கும், கிட்டவும் கொண்டுவர வேண்டாம்.

கடவையில் ஒரு சிக்கல் வரும், இப்போதே யோசியுங்கள். ரோட்டு 25 மி.மீ. ஏற வேண்டும். நிஜச் சரிவில் ஏற்றினால் அரை மீற்றர் தேவை, உங்களிடம் அது இல்லை. இடது முனையில் 40 செ.மீ. நீளத்துக்கு நிலத்தையே இன்னொரு 12 மி.மீ. ரெஜிபோம் தாளால் உயர்த்துங்கள். மீதி 13 மி.மீ. ஏற்றத்துக்கு 10–12 செ.மீ. போதும். கடவையில் ரோட்டு முதுகு தூக்கி நிற்பது இங்கே எல்லா இடமும் உள்ளதுதான்.

மதகுக்கு பபிள் ரீ குடிக்கிற தடித்த ஸ்ட்ரோ: 10 மி.மீ. விட்டம், நிஜத்தில் 90 செ.மீ. ஹியூம் (கொங்கிறீற்) குழாய். இரண்டு துண்டு பக்கத்தில் பக்கத்தில், மண்கட்டைக் குறுக்கே துளைத்து.

கைகாட்டி:

கழட்டியாச்சு. திரும்பப் போடேக்க வெப்பத்துக்கு இடைவெளி எவ்வளவு விடுறது?

சிலிப்பர்கட்டை:

ஒரு விசிற்றிங் கார்ட்டின் தடிப்பு. கணக்கு இதுதான்: 91 செ.மீ. நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 பாகை சூடேறினால் சுமார் 0.3 மி.மீ. நீளும். விடியற்காலையில் போடுவதென்றால் மூட்டில் கார்ட்டைச் செருகிப் போட்டுவிட்டு உருவுங்கள். மத்தியானக் கொதியில் போட்டால் முட்ட வைத்தே போடலாம், அதற்கு மேல் நீள இடமில்லை. உண்மையில் தண்டவாளத்தை விட மரம்தான் கூட ஆடும், அதுவும் வெப்பத்துக்கு அல்ல, மாரி ஈரத்துக்கு. பிளைவுட்டின் அடிப்பக்கம், நான்கு விளிம்பு எல்லாவற்றுக்கும் வார்னிஷ் இரண்டு கை கொடுங்கள். மேலே மட்டும் பெயின்ற் அடித்த பலகை கார்த்திகையில் வளையும். கீழே 2x1 அங்குலச் சட்டம், 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குக்கட்டை.

கறையானுக்கு மேசைக் கால்களைச் சுவரோடு ஒட்டாமல் வைத்து, ஒவ்வொரு காலுக்கும் கீழே பழைய எஞ்சின் ஒயில் விட்ட தகரப் பேணி. சாப்பாட்டு அலுமாரிக்குத் தண்ணிக் கிண்ணம் வைக்கிற அதே வேலை. கோதுமைமாப் பசை லேஅவுட்டில் எங்கேயும் வேண்டாம், கரப்பானுக்கு விருந்து.

பாலைப்பழம்:

மண், சல்லி, மரம் மூன்றுக்கும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் மாதத்தைத் தீர்மானியுங்கள். ஆவணி என்றால் குளம் வற்றி, அலைகரை (தண்ணி ஏறி இறங்குகிற ஓரம்) வெடித்து, வயலில் நெல் அறுத்த வெறும் அடித்தாள். தையில் குளம் முட்ட, வயல் கடும் பச்சை. பாதிப்பேர் ஆவணி மண்ணையும் தை வயலையும் ஒரே பலகையில் வைக்கிறார்கள், ஏன் பொருந்தவில்லை என்று பிறகு கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் மாசி: பெரும்போக நெல் பழுத்திருக்கும், குளத்தில் தண்ணி இருக்கும், காடும் பச்சை. மூன்று நிறம் இலவசம்.

சல்லி: கல் உடைக்கிற இடத்துக் கருங்கல் தூள். நிஜச் சல்லி பெரிதென்றால் 65 மி.மீ., 1:87இல் முக்கால் மி.மீ.தான். தேத்தண்ணி வடியால் விழுந்து, மா அரிதட்டில் தங்குகிற பருமன் சரி. சந்தேகம் என்றால் பத்துக் கல்மணியை அடிமட்டம் ஓரம் வரிசையாக வையுங்கள், 7–8 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். 12 வந்தால் அது சல்லியல்ல, பாறை. பிறகு தண்ணி தெளியும்வரை கழுவுங்கள். கழுவாத தூள் பசையோடு சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகி, மணி மணியாகத் தெரியாது. காய்ந்ததும் பொலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தால் நான்கைந்து தரம் துழாவுங்கள். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும், பற்சில்லுக்குள் போனால் தொலைந்தது. மண்ணுக்கும் இதே காந்த வேலை உண்டு. உங்கள் நீளத்துக்கு 400 மி.லீ. சல்லி தாராளம்.

2014க்குப் பிறகு என்றால் கொங்கிறீற் சிலிப்பர் (தண்டவாளத்தைத் தாங்குகிற குறுக்குக்கட்டை), ஆகவே சல்லி போட முதலே பிளாஸ்ரிக் சிலிப்பரை வெளிர் சாம்பலால் பூசுங்கள். தண்டவாளப் பக்கங்களுக்கு மண்ணிறம். தலையை (சில்லு ஓடுகிற மேற்பக்கத்தை) உடனே துடைத்துவிடுங்கள்.

பரப்பி, தூரிகையால் சிலிப்பர் மேலிருந்து தட்டி, பிறகு நனைப்பு. இதில்தான் எல்லாரும் பிழை விடுவது. பசையை நேரே விட்டால் துளி உருண்டு, சல்லியையும் சேர்த்துத் தூக்கி மிதக்கவைக்கும். முதலில் பாமசி சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றும் தண்ணியும் சரிபாதி, மேலே உயரத்தில் பிடித்துப் புகாராகத் தெளியுங்கள். முழுக்க ஈரமான பிறகு பைண்டர் கம் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு துளி. கண் மருந்துக் குப்பியால் நடுவிலும் இரு ஓரத்திலும். ஒரு நாள் தொடக்கூடாது. பொயின்ற் (பாதை பிரிகிற இடம்) இருந்தால் அசைகிற நாக்குக்குக் கிட்டவும் போகாதீர்கள், அங்கே சல்லியை வெறும் பூச்சாக விடுவது மேல்.

மண்: உங்கள் வளவுச் செம்மண்ணே. 100 பாகையில் அரை மணித்தியாலம் வறுத்து அல்லது அவனில் வைத்து எடுங்கள், பூச்சி முட்டையும் பூஞ்சணமும் போகும். நைலோன் காலுறையால் அரியுங்கள். பசை பட்டால் நிறம் ஒரு படி, சில மண் இரண்டு படி கடுக்கும். காய்ந்த பிறகும் பழைய நிறம் திரும்பாது. ஒரு அட்டையில் ஒட்டிப் பார்த்து, தேவையான அளவுக்கு சோக்குத் தூள் கலந்து வெளிறவையுங்கள். மண்கட்டின் சரிவுக்கும் ரோட்டோரத்துக்கும் ஒரே மண்ணைப் போடவேண்டாம்: கொட்டி நிரப்பின மண் கிறவல் (சரளை மண்) நிறம், வண்டி ஓடின ஓரம் வெளிறின தூசி.

நெல் வயலுக்கு இதைவிடச் சுலபம் இல்லை: கடையில் விற்கிற தும்புக் கால்மிதி. அதன் இயற்கை நிறமே பழுத்த நெல். கத்தரியால் 10 மி.மீ. உயரத்துக்கு வெட்டுங்கள், ஒரே மட்டமாக அல்ல, அங்கங்கே கை நடுங்கினதுபோல. வரம்பு 4 மி.மீ. அகலம், பச்சைப் புல் அதில் மட்டும். எலி தும்பைக் கூட்டுக்கு இழுக்கும், அறையில் எலி இருந்தால் மூடி வையுங்கள்.

பனை எத்தனை என்று கேட்டீர்கள். மாங்குளத்தில் நான் வைப்பதென்றால் வீட்டு வளவில் மூன்று, நான்கு. பனந்தோப்பு வேண்டுமென்றால் லேஅவுட்டைப் பரந்தனுக்கோ பளைக்கோ கொண்டுபோங்கள். மாங்குளம் பக்கம் பாலை, வீரை, முதிரைக் காடு. குளக்கட்டடியில் மருது. 12–15 மீற்றர் மரம் 14–17 செ.மீ. வரும். அதை எல்லாம் பின்வரிசையில் அடுக்காதீர்கள். உயர்ந்தது முன்னும் நடுவும், பின் சுவரோரம் 6–8 செ.மீ. மரங்கள், கொஞ்சம் நீலம் கலந்த வெளிறின பச்சை. தூரம் அப்படித்தான் வரும். பாதைக்கு இரண்டு பக்கமும் வெட்டின வெளி, அதற்குப் பிறகு சுவர் மாதிரிக் காடு. அந்த வெளியை விட மறக்கவேண்டாம்.

மரத்துக்கு 1.5 சதுர மி.மீ. ஃபிளெக்ஸிபிள் வயர் உரித்தால் உள்ளே 30 நூல் செம்பு. 20 செ.மீ. துண்டு மூன்று சேர்த்தால் 90 நூல், ஒரு பாலைக்குப் போதும். அடியை முறுக்கி, மேலே போகப்போகப் பாதி பாதியாகப் பிரித்து முறுக்குங்கள். பைண்டர் கம்மில் மரத்தூள் குழைத்து இரண்டு பூச்சு. இலைக்கு மெத்தைப் பஞ்சுத் (ஸ்பொஞ்) துண்டை மிக்ஸியில் தண்ணியோடு அடித்து, அக்ரிலிக் பெயின்ற்றில் தோய்த்து, நிழலில் காயவையுங்கள். வெயிலில் காய்ந்தால் பஞ்சு மஞ்சளித்துப் பொடியாகும். மரத்தூளை இலையாகப் போடுகிற பழைய முறை கிட்ட நின்று பார்த்தால் ரொட்டித்தூள்.

பனைக்கு: 15 மீற்றர் மரம் 17 செ.மீ. அடி 8 மி.மீ., நடு 5 மி.மீ. வருமாறு தேய்த்த உருளைக் கட்டை, கருஞ்சாம்பல். இலை ஒன்றுக்கு 28 மி.மீ. வட்டத் தாள், முக்கால் வட்டம் எடுத்து விசிறியாக 16 மடிப்பு மடித்து, மடித்தபடியே நுனியைச் சரிவாக வெட்டினால் விரித்ததும் ஓலை. காம்புக்கு 12 மி.மீ. மெல்லிய கம்பி. ஒரு மரத்துக்கு 30 ஓலை. அதில் ஐந்தாறு மண்ணிறமாகக் கீழே தொங்கவேண்டும். காவோலை இல்லாத பனை குடை மாதிரி நிற்கும்.

அலைகரை:

குளம் பற்றி. ரெசின் நல்லதுதான், ஆனால் அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழ் மத்தியானத்தில் ஊற்றவேண்டாம். இறுகும்போது அது தானாகவே சூடாகும். வெளிச்சூடும் சேர்ந்தால் வேகமாக இறுகி வெடிக்கும், அல்லது நுரை உள்ளே நின்றுவிடும். இரவு எட்டு மணிக்குப் பிறகு, ஒரு தரத்துக்கு 2–3 மி.மீ. மட்டும். மாரி மாதத்தில் ஈரம் மேற்பரப்பைப் பால் மாதிரி மங்கலாக்கும், மழை நாளில் செய்யாதீர்கள். ரெசினும் ஹார்ட்னரும் குப்பியில் சொன்ன விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலக்கவேண்டும், கண்மதிப்புக்குக் கலந்தால் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டே கிடக்கும். ஊற்ற முதல் ரெஜிபோம் விளிம்பை பிளாஸ்டர் ஒஃப் பரிஸ் பூசி, பெயின்ற் அடித்து, சிலிக்கோனால் அடைக்கவேண்டும். ஊசித்துளை கிடைத்தாலும் இரவோடு இரவாக நிலத்துக்கு இறங்கிவிடும்.

நிறம்தான் முக்கியம். வன்னிக் குளத்தில் அடி தெரியாது. ஓரத்தில் தேத்தண்ணி நிறம், நடுவுக்குப் போகப்போக ஒலிவ் பச்சை கலந்த கறுப்பு. நீலம் வேண்டாம், வானம் தானாக அதில் விழும்.

குளக்கட்டுக்கு உள்பக்கம், தண்ணி அடிக்கிற பக்கம், கல் அடுக்கு, வெளிப்பக்கம் புல். இதை மாற்றி வைத்த லேஅவுட்டுகளும் உண்டு. துருசு (வயலுக்குத் தண்ணி திறந்துவிடுகிற வாய்) ஒன்று, சின்னக் கொங்கிறீற் பெட்டி, 15 மி.மீ. உயரம் போதும். ஒரு முனையில் குளக்கட்டைத் தாழ்த்தி வான் (மிஞ்சின தண்ணி வழிந்தோடுகிற இடம்) வைக்கவேண்டும். வான் இல்லாத குளம் முதல் மாரியிலேயே உடையும் என்பது பார்க்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும்.

பாலைப்பழம்:

அலைகரை சொல்வது சரி, ஆனால் குளம் 30 செ.மீ.க்கு 20 செ.மீ.தானே. முதலாவது லேஅவுட்டுக்கு ரெசின் காசு வீண். பலகையை நிறம் அடித்து, குளொஸ் வார்னிஷ் ஆறு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். கலங்கின தண்ணிக்கு ஆழம் தெரியத் தேவையே இல்லையே.

அலைகரை:

வார்னிஷ் என்றால் பலகையின் மரவரி தெரியாதபடி முதலில் புட்டி இழுத்து 400 நம்பர் அரத்தாளால் தேய்க்கவேண்டும். அது செய்தால் ஆட்சேபம் இல்லை.

ஓட்டுக்கூரை:

கட்டடத்துக்கு. அளவு எடுக்க ஏதாவது வீட்டை நேர் முன்னால் நின்று படம் பிடியுங்கள், கதவு 2.1 மீற்றர் என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் 24 மி.மீ. அதிலிருந்து மற்ற எல்லாம் அளக்கலாம். சீமெந்துக் கல்லின் முகம் 16க்கு 8 அங்குலம், அதாவது 4.7க்கு 2.3 மி.மீ. 1 மி.மீ. அட்டையில் கூரில்லாத ஊசியால் கோடு இழுங்கள். பூசாத சுவருக்கு மட்டும்தான் இது.

தகரம், அஸ்பெஸ்ரஸ் இரண்டையும் சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தட்டிலிருந்து எடுக்கலாம். ஹாட்வெயாரில் மரை வெட்டின கம்பி வாங்குங்கள். 6 மி.மீ. கம்பியில் மரை இடைவெளி 1 மி.மீ., தகரத்துக்குச் சரி. 12 மி.மீ. கம்பியில் 1.75 மி.மீ., அது அஸ்பெஸ்ரஸ் சீற். பழைய சைக்கிள் ரியூப் மேல் அலுமினியத்தை விரித்து, கம்பியை அழுத்தி ஒருதரம் மட்டும் உருட்டுங்கள். திரும்ப உருட்டினால் கோடு கோட்டின் மேல் விழாது. மரை சுழன்று போவதால் வரி மூன்று பாகை சரிந்து வரும், ஆகவே தாளின் விளிம்பைப் பார்க்காமல் வரியைப் பார்த்து வெட்டுங்கள். ஒரு சீற் 12 மி.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால்தான் கூரை. முழுக் கூரையையும் ஒரே தாளில் போட்டால் எவ்வளவு துரு அடித்தாலும் எடுபடாது. அலுமினியத்தில் பெயின்ற் உரியும், முதலில் வினாகிரி தோய்த்த துணியால் துடைத்துக் கழுவி, பிரைமர்.

சுவரை வெள்ளை அடித்துவிட்டு நிற்காதீர்கள். மழைநீர்ப் பீலி இல்லாத கூரையிலிருந்து விழுகிற மழை செம்மண்ணைச் சுவரில் தெறிக்கவைக்கும். அடியிலிருந்து 5–7 மி.மீ. உயரத்துக்கு, கீழே கடும் சிவப்பு, மேலே போகப்போகப் புள்ளி. அரித்த மண்ணையே ஈரத் தூரிகையால் தொட்டுக் குத்துங்கள். வன்னி வீடு என்று சொல்ல இந்த ஒரு பட்டி போதும், அதற்குப் பிறகு பெயர்ப்பலகை கூடத் தேவையில்லை.

கச்சான் கடைக்கு நான்கு தீக்குச்சிக் கால், ஒரு தகரத் துண்டு, மேசையில் மணல் நிறத் தூள் குவியல். பக்கத்தில் வாகனம் நிற்க இடம் விடுங்கள், முறிகண்டிப் பிள்ளையாரிடம் வாகனங்கள் நின்றுதான் போகும், அங்கே ஒன்றாவது நிற்கவேண்டும்.

சில்லுவிளிம்பு:

அளவுத்திட்டம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பாதை 1676 மி.மீ. அகலப் பாதை. 1:87இல் அது 19.3 மி.மீ. வரவேண்டும். உங்கள் 16.5 மி.மீ. தண்டவாளம் 1435 மி.மீ. பாதைக்கானது. மாற்றப் போகாதீர்கள், சில்லு எல்லாம் மாற்றவேண்டிவரும். ஆனால் 1676ஐ 16.5 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1:100 வருகிறது, கட்டடக் கலைஞர்கள் மாதிரிக்குப் பாவிக்கிற அளவு. அந்த 1:100 மனித உருவங்கள் மலிவு. முன்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் வேண்டாம், பின்வரிசையில் வையுங்கள்: தூரமும் கூடும், பாதையும் அகலமாகத் தெரியும்.

கைகாட்டி:

எல்லாருக்கும் நன்றி. மாசி மாதம், வார்னிஷ் குளம், பனை மூண்டு. கடைசியா ஒண்டு: கடவையில தண்டவாளத்துக்கு நடுவில பலகை போட்டுப் பார்த்தன், எஞ்சின் ஏறி நிண்டிட்டுது.

சில்லுவிளிம்பு:

இரண்டில் ஒன்று. பலகை தண்டவாளத் தலையை விட உயர்ந்திருக்கும், அல்லது சில்லு விளிம்பு போகிற வழி இறுகியிருக்கும். பாவித்து முடிந்த வங்கிக் கார்ட் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் ஒன்றரை மி.மீ. அதைத் தண்டவாள உள்முகத்தோடு நிறுத்தி, அதற்கு ஒட்ட பலகையை ஒட்டி, பசை காய முதல் கார்ட்டை உருவுங்கள். உயரம் தலைக்கு அரை மி.மீ. கீழே. கோட் 100 தண்டவாளம் என்றால் உயரம் 2.54 மி.மீ., ஆகவே சிலிப்பரிலிருந்து பலகை 2 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பலகையின் இரண்டு முனையையும் கீழ்நோக்கிச் சரித்து அராவுங்கள், பெட்டிகளை இணைக்கிற கொக்கி தட்டாது. ஓட்டிப் பார்க்க முதல் ஒரு பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள், சத்தம் மாறுகிற இடத்தில்தான் பிழை.